தமிழ் அறிந்தவர் கொரிய இலக்கணத்தை எங்கிருந்து தொடங்கலாம்?

கொரிய எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டதாகவும், சில நூறு சொற்கள் தெரிந்தும் ஒரு வாக்கியத்தைச் சொந்தமாக அமைக்க முடியவில்லை என்றும், கையில் உள்ள ஆங்கிலப் பாடநூல் கொரிய வாக்கியம் தலைகீழானது என்று தொடக்கத்திலேயே சொல்வதால் அச்சமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். இலக்கணத்தை எந்த வரிசையில் படிப்பது, எதில் அதிக நேரம் செலவிடுவது என்பது உங்கள் கேள்வி.

அந்தத் தலைகீழ் என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். ஆங்கிலத்தில் யோசிப்பவருக்குத்தான் கொரிய வாக்கியம் தலைகீழ். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசையில் பேசிப் பழகிய நமக்கு அது நேராகவே நிற்கிறது. ஆகவே நீங்கள் ஆங்கில நூலில் படித்தாலும், அதிலுள்ள ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் தமிழில் சொல்லிப் பார்த்து, எது நமக்கு ஏற்கெனவே உள்ளது, எது நம்மிடம் இல்லாதது என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வகையை வேகமாகக் கடந்துவிடலாம். உழைப்பு முழுவதும் இரண்டாம் வகைக்குப் போக வேண்டும். ஆங்கில நூல்கள் வைத்திருக்கும் பாட வரிசை நமக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

கொரியச் சொற்களைக் கீழே தமிழ் எழுத்தில் தருகிறேன். அதற்கு ஒரு குறிப்பு தேவை. இங்கே குறிலும் நெடிலும் ஒலியின் நீளத்தைக் காட்டுவதற்காக அல்ல. ஒகரத்தை அகரத்துக்கும் ஒகரத்துக்கும் இடைப்பட்ட ஒலியாகவும், ஓகாரத்தை உதடு குவித்த ஒலியாகவும் கொள்ளுங்கள். உகரம் என்பது 'காசு', 'பாட்டு' ஆகிய சொற்களின் ஈற்றில் வரும் குற்றியலுகரம். ஊகாரம் இதழ் குவிந்த முழு உகரம். ஆங்கில நூல்கள் பெரும்பாடுபட்டு விளக்கும் அந்தக் குற்றியலுகர ஒலி நம் பேச்சில் நாள்தோறும் வருவது. அதுபோலவே, இறைச்சியைக் குறிக்கும் 'கோகி' என்ற சொல்லில் முதல் ககரம் வல்லொலியாகவும், இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ககரம் மெல்ல அதிர்ந்தும் ஒலிப்பது தமிழ்க் ககரத்தின் இயல்பேதான். ஒற்று இரட்டித்திருக்கும் இடத்தில் அழுத்தியோ மூச்சுவிட்டோ ஒலிக்க வேண்டும். அந்த நுட்பத்தைத் தமிழ் எழுத்து காட்டாது. அதனால் இந்தப் பெயர்ப்பை விளக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பயிற்சியை அரசர் செஜோங் 1446-இல் வெளியிட்ட அந்த எழுத்திலேயே செய்யுங்கள். இன்று அதில் அடிப்படையாக 14 மெய்களும் 10 உயிர்களும் உள்ளன. அவற்றை நீங்கள் முன்பே அறிந்திருப்பது நல்லதாயிற்று.

முதலில் ஓர் எளிய வாக்கியம்: ஜொனுன் ஜிபேஸொ பாபுல் மொகொயோ. 'ஜொ' என்றால் நான், 'ஜிப்' வீடு, 'பாப்' சோறு, 'மொக்' சாப்பிடு. பெயருக்குப் பின்னால் வேற்றுமை உருபு, கடைசியில் வினை. நான் வீட்டில் சோற்றைச் சாப்பிடுகிறேன் என்பதற்கும் இதற்கும் சொல்வரிசையில் ஒரு வேறுபாடும் இல்லை. 'உல்' நம் ஐ உருபின் வேலையைச் செய்கிறது. உயிரில் முடியும் சொல்லுக்குப் பின் அதுவே 'ருல்' ஆகும்: கொப்பிருல், அதாவது காப்பியை. உயிருக்கும் மெய்யுக்கும் ஏற்ப உருபு இப்படி வடிவம் மாறுவது புணர்ச்சி விதி பழகிய நமக்குப் புதிதல்ல. ஒவ்வொரு உருபையும் இரண்டு வடிவங்களோடு சேர்த்தே மனப்பாடம் செய்துகொண்டால் போதும். பேச்சில் இந்த உருபு பெரும்பாலும் விழுந்துவிடும். சாப்பிட்டீர்களா என்று நலம் விசாரிக்கும் வழக்கம் கொரியாவிலும் உண்டு. அங்கே 'பாப் மொகொஸ்ஸொயோ?' என்றுதான் கேட்பார்கள், 'பாபுல்' என்று யாரும் இழுப்பதில்லை.

இட உருபில்தான் முதல் தடுக்கல். வீட்டில் இருக்கிறேன், வீட்டில் சாப்பிடுகிறேன் என்று இரண்டுக்கும் நாம் 'இல்' போடுகிறோம். கொரிய மொழி இவற்றைப் பிரிக்கிறது. ஓர் இடத்தில் இருப்பதற்கு 'ஏ', ஓர் இடத்தில் ஒரு செயலைச் செய்வதற்கு 'ஏஸொ': ஜிபே இஸ்ஸொயோ, ஆனால் ஜிபேஸொ மொகொயோ. அதே 'ஏ' போய்ச் சேரும் இடத்தையும் காட்டும் (ஜிபே காயோ, வீட்டுக்குப் போகிறேன்). அதே 'ஏஸொ' புறப்பட்ட இடத்தையும் காட்டும் (சென்னைஏஸொ வாஸ்ஸொயோ, சென்னையிலிருந்து வந்தேன்). ஆக நம்முடைய இல், கு, இலிருந்து என்ற மூன்றும் அங்கே வேறு விதமாக இரண்டாகப் பங்கிடப்பட்டுள்ளன. இடம் என்றால் ஓர் உருபு, ஆள் என்றால் வேறு உருபு என்ற பாகுபாடும் உண்டு. பெட்டியில், அவனிடம் என்று நாமும் பிரிப்பதால் அது எளிதில் பிடிபடும். ஆட்களுக்குப் பேச்சில் 'ஹான்தே' என்பதைச் சேர்க்கிறார்கள். 'உம்' என்பதற்கு 'தோ', மட்டும் என்பதற்கு 'மான்'. ஜொதோ காயோ என்றால் நானும் போகிறேன். ஆமூதோ ஒப்ஸொயோ என்றால் யாரும் இல்லை. எதிர்மறையில் 'யார்' உடன் நாம் உம்மை சேர்ப்பதைப் போலவே 'ஆமூ' உடன் 'தோ' சேர்ந்து வந்திருப்பதைக் கவனியுங்கள்.

அடுத்து, தொடக்க நிலையில் இருப்பவர்கள் எல்லோரையும் குழப்பும் இணைக்கு வருவோம்: 'உன்/னுன்' ஒரு பக்கம், 'இ/கா' மறுபக்கம். பாடநூல்கள் முன்னதைப் பேசுபொருள் உருபு என்றும் பின்னதை எழுவாய் உருபு என்றும் விளக்கும். தமிழில் எழுவாய்க்கு உருபே இல்லை என்பதால் இரண்டுமே தேவையற்றவை போலத் தோன்றும். ஆனால் இவை செய்யும் வேலையை நாம் வேறு சொற்களாலும் தொனியாலும் செய்துகொண்டுதான் இருக்கிறோம். 'நூகா வாஸ்ஸொயோ?' என்று ஒருவர் கேட்கிறார்: யார் வந்தது? விடை 'மின்சூகா வாஸ்ஸொயோ'. இங்கே 'கா' கேட்ட கேள்விக்கு நேரான விடையைச் சுட்டுகிறது; தமிழில் மின்சுதான் வந்தான் என்போம். அதே விடையை 'மின்சூனுன் வாஸ்ஸொயோ' என்று சொன்னால், மின்சு வந்துவிட்டான், மற்றவர்கள் கதை தெரியாது என்ற குறிப்பு வந்துவிடும்; நாம் மின்சுவோ வந்துவிட்டான் என்று ஓகாரத்தால் பிரிப்பது போன்றது அது. புதிதாக ஒன்றைப் பேச்சுக்குள் கொண்டுவரும்போது 'இ/கா'. முன்பே பேசிக்கொண்டிருப்பதைத் தொடரும்போதோ ஒன்றை மற்றொன்றோடு எதிர்நிறுத்தும்போதோ 'உன்/னுன்'. இந்த அளவு தெளிவு முதல் ஆறு மாதத்துக்குப் போதும். இதற்கு மேலான நுட்பங்களை விதியாகப் படிப்பதைவிட உரையாடல்களைப் படித்துப் பழகுவதே பயன் தரும் என்பது என் கருத்து.

இந்த இரண்டு உருபுகளும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வருவதைக் கண்டு ஆங்கிலம் பேசுபவர்கள் மலைப்பார்கள்; நமக்கு அது வெகு இயல்பானது. எனக்குத் தலை வலிக்கிறது, எனக்குக் காப்பி பிடிக்கும், எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள் ஆகியவற்றில் 'எனக்கு' என்பது இலக்கணப்படி எழுவாயல்ல. தலையும் காப்பியும் தங்கையும்தான் எழுவாய். கொரிய மொழியிலும் அமைப்பு அதுவே: ஜொனுன் மொரிகா ஆப்பாயோ, ஜொனுன் கொப்பிகா ஜோஆயோ, ஜொனுன் தோங்ஸேங்இ இஸ்ஸொயோ. நம் நான்காம் வேற்றுமை நிற்கும் இடத்தில் 'னுன்', எழுவாய் நிற்கும் இடத்தில் 'இ' அல்லது 'கா'. இப்படி ஒரு முப்பது வாக்கியம் எழுதிப் பார்த்தால் கை பழகிவிடும். ஒரே ஓர் எச்சரிக்கை: தெரியும் என்ற வினை இந்த வாய்பாட்டில் அடங்காது. எனக்குக் கொரிய மொழி தெரியும் என்பதில் மொழிக்கு அங்கே 'உல்/ருல்' தான் வரும்.

இரு, இல்லை என்ற இணைக்கு அங்கே இஸ்தா, ஒப்தா என்று இரண்டு தனி வினைகள் உள்ளன. நேரம் இல்லை என்பது 'ஷிகானி ஒப்ஸொயோ'. ஆனால் பேச்சுத் தமிழ் நமக்கு இங்கே ஒரு பொறி வைத்திருக்கிறது. அவர் ஆசிரியர் இல்லை என்றும், அங்கே ஆசிரியர் இல்லை என்றும் நாம் ஒரே சொல்லால் பேசுகிறோம். எழுத்துத் தமிழ் முதலாவதற்கு 'அல்ல', 'அல்லர்' என்று வேறு சொல் கொடுத்திருக்கிறது. கொரிய மொழியும் அப்படியே பிரிக்கிறது. ஜொனுன் ஹாக்ஸேங்இ ஆனியேயோ என்றால் நான் மாணவன் அல்லன்; ஹாக்ஸேங்இ ஒப்ஸொயோ என்றால் மாணவர்கள் யாரும் இங்கே இல்லை. எழுதும்போது மனத்தில் அல்ல, இல்லை என்று பிரித்துக்கொண்டால் இந்தத் தவறு வராது. உடன்பாட்டு வாக்கியத்தில் வேறொரு சிக்கல்: நான் மாணவன் என்பதோடு தமிழில் வாக்கியம் முடிந்துவிடுகிறது, கொரிய மொழியில் பெயருக்குப் பின் 'இயேயோ' அல்லது 'யேயோ' வந்தே ஆக வேண்டும். ஜொனுன் ஹாக்ஸேங் என்று நிறுத்திவிடுவது தமிழர்களிடம் அடிக்கடி காணும் பிழை.

இனி வினைச்சொல். அகராதியில் எல்லா வினைகளும் 'தா' என்று முடியும்: காதா (போ), மொக்தா (சாப்பிடு), ஹாதா (செய்). அந்தத் 'தா'வை நீக்கினால் பகுதி கிடைக்கும். அதோடு இடைநிலையும் விகுதியும் அடுக்கடுக்காகச் சேரும். பகுபத உறுப்பிலக்கணம் படித்தவருக்கு இது பழைய பாடம். 'காஷொஸ்ஸொயோ' என்பதைப் பிரித்தால் கா என்ற பகுதி, ஷி என்ற மரியாதை இடைநிலை, ஒஸ் என்ற இறந்தகால இடைநிலை, ஒயோ என்ற விகுதி. பொருள், (பெரியவர்) போனார். நிகழ்கால யோ வடிவத்துக்கு ஒரு விதி உண்டு. பகுதியின் கடைசி உயிர் ஆ அல்லது ஓ என்றால் 'ஆயோ', மற்ற உயிர்களுக்கு 'ஒயோ', ஹாதா மட்டும் 'ஹேயோ'. உட்கார் என்னும் 'ஆன்' பகுதி ஆன்ஜாயோ ஆகும். மொக் பகுதி மொகொயோ ஆகும். காதாவில் இரண்டு ஆ இணைந்து காயோ ஆகும். ஓதா (வா) ஒலி திரிந்து வாயோ ஆகும். இந்த வடிவம் வந்துவிட்டால் இறந்தகாலம் தானே வரும். இதையே முதலிரு வாரங்களில் நாள்தோறும் பத்து வினைகள் வீதம் எழுதிப் பழகுங்கள். வேறு எதையும்விட இந்த உயிர்ச் சேர்க்கைதான் தொடக்கநிலையாளரின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. சில பகுதிகள் விதியை மீறும்: குளிர், வெப்பம் போன்ற உரிச்சொற்களில் பகுதி ஈற்றுப் பகரம் மறைந்து 'தொப்தா' (வெப்பமாயிரு) என்பது 'தொவொயோ' ஆவதும், கேள் என்னும் 'துத்தா' என்பது 'துரொயோ' ஆவதும் அவற்றில் முக்கியமானவை. கேள் என்பது கேட்டேன் என்று மாறும் மொழியில் பிறந்தவர்கள் இதற்கு முறையிடக் கூடாது.

வினையில் நம்மிடம் உள்ள ஒன்று அங்கே இல்லை. போகிறேன், போகிறாய், போகிறான், போகிறார்கள் என்று விகுதியே ஆளைச் சொல்லிவிடும் வசதி கொரிய மொழிக்குக் கிடையாது. எல்லோருக்கும் 'காயோ' ஒன்றுதான். கற்பதற்கு இது பெரிய நிம்மதி. கேட்டுப் புரிந்துகொள்வதற்கோ பெரிய தொல்லை, ஏனெனில் கொரியர்கள் எழுவாயையும் விட்டுவிடுகிறார்கள். தனித்து நிற்கும் காயோ என்ற சொல் தொனிக்கு ஏற்ப, போகிறேன், போகிறாரா, போகலாம் வாருங்கள், போங்கள் என்ற எதுவாகவும் இருக்கலாம். ஆகவே தொடரைக் கேட்கும்போது யாரைப் பற்றிய பேச்சு என்பதை முன் வாக்கியத்திலிருந்து கையோடு எடுத்துவரப் பழக வேண்டும்.

எதிர்மறையில் ஒரு சிறு திருப்பம். போகவில்லை என்று வினைக்குப் பின்னால் சொல்லிப் பழகிய நமக்கு, வினைக்கு முன்னால் 'ஆன்' சேர்க்கும் 'ஆன் காயோ' என்ற குறுவடிவம் சற்று அந்நியமாகத் தோன்றும். பின்னால் சேர்க்கும் நீள்வடிவமும் உண்டு: காஜி ஆனாயோ. எழுத்தில் நீள்வடிவமும் பேச்சில் குறுவடிவமும் மிகுதி. முடியாமையைச் சொல்ல 'மோத்'. பெயரோடு ஹாதா சேர்ந்த வினைகளில் 'ஆன்' நடுவே புகும்: கோங்பூ ஆன் ஹேயோ, படிப்பதில்லை.

இப்போது தமிழருக்கு மிகப் பெரிய ஆதாயம் கிடைக்கும் இடத்துக்கு வருகிறேன். ஆங்கில நூல்கள் இரண்டாம், மூன்றாம் பாகத்துக்குத் தள்ளிவைக்கும் எச்சங்களும் துணைவினைகளும்தான் அது. இவற்றை நீங்கள் முன்கூட்டியே படித்துவிடலாம் என்பதே என் முக்கியப் பரிந்துரை. பெயரெச்சத்தைப் பாருங்கள். சாப்பிடுகிற ஆள், 'மொங்னுன் ஸாராம்'. சாப்பிட்ட ஆள், 'மொகுன் ஸாராம்'. இனிச் சாப்பிடும் ஆள், 'மொகுல் ஸாராம்'. மூன்று காலத்துக்கும் மூன்று வடிவம், எல்லாம் பெயருக்கு முன்னால். நான் நேற்றுச் சாப்பிட்ட ஆப்பிள் என்பது 'ஜேகா ஒஜே மொகுன் ஸாக்வா'. சொல்லுக்குச் சொல் இடம் மாறாமல் நிற்கிறது. இந்தப் பெயரெச்சத்தின் மேல் 'த்தே' என்ற பெயரைச் சேர்த்தால் 'மொகுல் த்தே', சாப்பிடும்போது. 'தாஉமே' சேர்த்தால் 'மொகுன் தாஉமே', சாப்பிட்ட பிறகு. போது, பிறகு என்பவற்றுக்கு முன்னால் நாம் எந்தக் காலப் பெயரெச்சத்தை வைக்கிறோமோ, அதையேதான் அவர்களும் வைக்கிறார்கள்.

உரிச்சொல் என்று நூல்கள் சொல்பவையும் அங்கே வினைகளே. 'க்குதா' என்றால் பெரிதாயிரு. அது 'க்கொயோ' (பெரிதாக இருக்கிறது) என்றும் 'க்கொஸ்ஸொயோ' (பெரிதாக இருந்தது) என்றும் காலம் காட்டும். 'க்குன் ஜிப்' (பெரிய வீடு) என்று பெயரெச்சமும் ஆகும். பெரிய என்பதைக் குறிப்புப் பெயரெச்சம் என்றே நம் இலக்கணம் அழைப்பதால் கருத்தளவில் தடையில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 'உன்' ஈறு சாதாரண வினையில் இறந்தகாலம், இவ்வகைச் சொற்களில் நிகழ்காலம். 'கான் ஸாராம்' போன ஆள். 'க்குன் ஸாராம்' பெரிய ஆள்.

வினையெச்சத்துக்கு முக்கியமானவை இரண்டு. சந்தைக்குப் போய் ஆப்பிள் வாங்கினேன்: ஷிஜாங்ஏ காஸொ ஸாக்வாருல் ஸாஸ்ஸொயோ. இங்கே 'ஸொ' முந்தைய செயலைப் பிந்தைய செயலோடு பிணைக்கிறது. போன அதே இடத்தில் வாங்கினேன். சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன் என்பதில் சாப்பிட்டதற்கும் போனதற்கும் அப்படிப்பட்ட பிணைப்பு இல்லை, ஒன்றன்பின் ஒன்று என்ற வரிசை மட்டும் உண்டு. அதற்குக் 'கோ': பாபுல் மொக்கோ ஹாக்க்யோஏ காஸ்ஸொயோ. 'ஸொ' காரணத்தையும் காட்டும்: பிகா வாஸொ மோத் காஸ்ஸொயோ, மழை வந்ததால் போக முடியவில்லை. நடந்து முடிந்த செய்தியாக இருந்தாலும் அதில் இறந்தகால இடைநிலையைச் சேர்க்கக் கூடாது. காலத்தைக் கடைசி வினைமுற்று மட்டும் சொல்லும். மேலும், காரணத்தைத் தொடர்ந்து ஏவல் வந்தால் 'ஸொ' நில்லாது, 'னிக்கா' வர வேண்டும்: பிகா ஓனிக்கா ஊஸானுல் காஜ்யொகாஸேயோ, மழை வருகிறது, குடையை எடுத்துப்போங்கள். நம் 'ஆல்' இரண்டு இடத்திலும் பொருந்துவதால் இந்த வேறுபாட்டைத் தனியாகப் பயில வேண்டியிருக்கும். எடுத்து, போ என்ற இரண்டு வினை ஒட்டி ஒன்றானது போலவே அந்தக் காஜ்யொகா என்பதும் ஆனது.

துணைவினைகளைப் பார்க்கும்போது எவருக்கும் வியப்பு வரும். 'போதா' என்றால் பார். மொகொ போஸேயோ என்றால் சாப்பிட்டுப் பாருங்கள்; முயன்று பார் என்ற அதே பொருளில். 'ஜூதா' என்றால் கொடு. ஹே ஜூஸேயோ என்றால் செய்து கொடுங்கள். 'பொரிதா' என்றால் எறி. துணைவினையாக வரும்போது நம் விடு, போடு ஆகியவற்றின் சாயல்: மொகொ பொர்யொஸ்ஸொயோ, தின்று தீர்த்துவிட்டான். 'தூதா' என்றால் வை. வாங்கி வைத்தேன் என்பதில் வரும் அதே வை. கொண்டிரு என்பதற்குக் 'கோ இஸ்தா': மொக்கோ இஸ்ஸொயோ, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறார் என்பதில் செயல் முடிந்து நிலை நீடிக்கிறது. அதற்கு 'ஆன்ஜா இஸ்ஸொயோ' என்று வேறு அமைப்பு. கொண்டிருக்கிறார், இருக்கிறார் என்று நாம் பிரிப்பதைப் போலவே அவர்களும் பிரிக்கிறார்கள். என்று என்பதற்கும் இணை உண்டு: கான்தாகோ ஹேஸ்ஸொயோ, போகிறேன் என்று சொன்னார். ஆனால் நம் 'என்று' எல்லாவற்றுக்கும் ஒன்று. அங்கே செய்தி, வினா, அழைப்பு, கட்டளை ஆகியவற்றுக்கு ஏற்ப 'கோ'வுக்கு முன் வரும் வடிவம் மாறும் என்பதால் அதை மட்டும் சற்றுத் தள்ளிவைக்கலாம்.

இத்தனை ஒற்றுமைகளைக் கண்டதும் இரண்டும் ஒரே குடும்பமோ என்ற கேள்வி எழும். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-லேயே ஓர் இலக்கண நூல் வெளியிட்டார். ஆயினும் இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. வினை கடைசியில் வரும் மொழிகளில், ஜப்பானியம், துருக்கியம் உட்பட, இத்தகைய அமைப்புகள் பரவலாகக் காணப்படுகின்றன. அப்பா, அம்மா போன்ற சொல் ஒற்றுமைப் பட்டியல்களில் நேரம் செலவிடாதீர்கள். அமைப்பின் ஒற்றுமை கற்பவருக்குப் பயன்படும், சொல்லின் ஒற்றுமை பயன்படாது.

மரியாதை வடிவங்களை நூல்கள் பெரிய மர்மமாக்குகின்றன. அவற்றில் இரண்டு தனித்தனி அளவைகள் உள்ளன என்று புரிந்துகொண்டால் மர்மம் விலகும். யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவருக்கு உரிய மரியாதை ஒன்று. யாரிடம் பேசுகிறோமோ அவருக்கு உரியது மற்றொன்று. கொங்கு வட்டாரத்தில் ஒருவர் பெரியவரிடம் அப்பா வந்தாருங்க என்கிறார். நண்பனிடம் அப்பா வந்தாருடா என்கிறார். இரண்டிலும் அப்பாவுக்கு உரிய 'ஆர்' மாறவில்லை. கேட்பவருக்கு ஏற்ப 'ங்க' வந்தது அல்லது 'டா' வந்தது. கொரிய மொழியில் 'ஆபொஜிகா ஓஷொஸ்ஸொயோ', 'ஆபொஜிகா ஓஷொஸ்ஸொ'. அப்பாவுக்கு உரிய 'ஷி' இரண்டிலும் உண்டு. கேட்பவருக்கு உரிய 'யோ' மட்டும் நண்பனிடம் விழுந்துவிட்டது. இந்த 'யோ', கொங்குத் தமிழின் 'ங்க' போலவே எந்தத் துணுக்குச் சொல்லோடும் ஒட்டும்: 'ஜொயோ?' என்றால் நானுங்களா, 'வேயோ?' என்றால் ஏனுங்க. தொடக்கத்தில் எல்லோரிடமும் யோ வடிவத்திலேயே பேசுங்கள். செய்தி அறிக்கை, மேடைப் பேச்சு, நேர்முகத் தேர்வு ஆகியவற்றுக்கான 'காம்னிதா', 'மொக்ஸும்னிதா' வடிவத்தைக் கேட்டால் புரியும் அளவுக்குத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். யோ இல்லாத வடிவத்தை, எதிரே இருப்பவர் அப்படிப் பேசலாம் என்று சொல்லும்வரை எடுக்க வேண்டாம். திரைத்தொடர் பார்த்துப் பழகியவர்கள் முதலில் கற்பதே அதைத்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தன்னைப் பற்றிப் பேசும்போது 'ஷி' சேர்ப்பதும் கூடாது.

நீ, நீங்கள் என்பதற்கு நேரான சொல்லைத் தேடாதீர்கள். நாம் அண்ணா, அக்கா, சார் என்று அழைப்பது போல அவர்களும் உறவுமுறையாலோ பதவியாலோ பெயரோடு 'ஷி' சேர்த்தோ அழைப்பார்கள் (முன் சொன்ன மரியாதை இடைநிலையான 'ஷி' வேறு, இதை அழுத்தி ஒலிக்க வேண்டும்). அண்ணன் என்பதற்கு ஆண் சொல்வது 'ஹ்யொங்', பெண் சொல்வது 'ஓப்பா'. அக்காவுக்கு ஆண் சொல்வது 'நூனா', பெண் சொல்வது 'ஒன்னி'. நாம், நாங்கள் என்ற வேறுபாடு அங்கே இல்லை, 'ஊரி' ஒன்றே. உடன்பிறந்தார் இல்லாதவரும் எங்க அம்மா என்று சொல்வதைப் போல அவர்களும் 'ஊரி ஒம்மா' என்கிறார்கள்.

எண்களில் கொரிய வழி வந்தவை, சீன வழி வந்தவை என்று இரண்டு வரிசைகள் உள்ளன. மணிக்கு முன்னதையும் நிமிடத்துக்குப் பின்னதையும் வழங்குவார்கள். இதில் புரிந்துகொள்ள ஏதுமில்லை, மனப்பாடம்தான்.

ஆகவே நான் சொல்லும் வரிசை இது: முதலில் இயேயோ, இஸ்ஸொயோ, ஒப்ஸொயோ, ஆனியேயோ ஆகிய நான்கும்; அடுத்து உருபுகளும் யோ வடிவமும்; பிறகு இறந்தகாலமும் எதிர்மறையும்; உடனேயே காஸொ, மொக்கோ என்ற எச்சங்களும் பார், கொடு துணைவினைகளும்; அதன்பின் பெயரெச்சம்; கடைசியில் 'ஷி'. நாள்தோறும் அன்று செய்தவற்றைப் பற்றித் தமிழில் ஐந்து வாக்கியம் எழுதி, அதைச் சொல்வரிசை மாற்றாமல் கொரியத்தில் எழுதுங்கள். எங்கே வரிசை சரியாக இருந்தும் உருபு தவறுகிறதோ, அந்த இடத்தை மட்டும் நூலில் போய்த் தேடுங்கள். சொற்களுக்குக் கொரியத் தேசிய மொழி நிறுவனத்தின் அடிப்படை அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பொருளை ஆங்கிலத்திலும் தருகிறது, வினை வடிவங்களையும் காட்டுகிறது.

கொரிய மொழித் திறனை அளக்கும் டோபிக் தேர்வை எண்ணியிருந்தால், முதல் தாளில் கேட்டலில் 30 கேள்விகளும் வாசிப்பில் 40 கேள்விகளும் இருக்கும். 200 மதிப்பெண்ணில் 80 பெற்றால் முதல் நிலை, 140 பெற்றால் இரண்டாம் நிலை. முதல் நிலைக்கு ஏறத்தாழ 800 அடிப்படைச் சொற்கள் எதிர்பார்க்கப்படுகின்றன. அந்தத் தாளில் எழுதும் பகுதி கிடையாது என்பதால், தேர்வுக்கு மட்டும் படிப்பவர்கள் சரியான விடையை அடையாளம் காணத் தெரிந்தும் சொந்தமாக வாக்கியம் அமைக்க முடியாமல் நிற்பதுண்டு. உங்கள் இன்றைய சிக்கலும் அதுவே என்பதால் ஐந்து வாக்கியப் பயிற்சியைத் தேர்வு நெருங்கும்போதும் நிறுத்த வேண்டாம். இலங்கையிலிருந்து வேலைக்காகக் கொரியா செல்ல விரும்புவோர் எழுத வேண்டியது இபிஎஸ்-டோபிக் என்ற வேறு தேர்வு. அதில் பணியிடமும் பாதுகாப்பும் சார்ந்த சொற்கள் மிகுதி. இலக்கணம் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் மேலே சொன்ன வரிசையில் மாற்றம் தேவையில்லை. சொற்பட்டியலை மட்டும் அந்தத் தேர்வுக்கு உரியதாக வைத்துக்கொள்ளலாம்.